மலைவேம்பு இலை கேட்டு எழுதிய மகனுக்கு

மகனே,

நீ அனுப்பிய ஆள் நேற்று வந்தான். வெறும் பையோடு வந்தவனுக்கு மோர் கொடுத்தேன், சோறு போட்டேன், சாயந்திரம் வெறும் பையோடே திருப்பி அனுப்பினேன். "மலைவேம்புக் கொழுந்து ஒரு பை நிறைய, வடிவையும் கூடவே அனுப்பி வைக்கவும்" என்று சீட்டில் எழுதியிருந்தாய். இரண்டும் வராது. கிணற்றடியில் நின்ற மலைவேம்பை ஆள் விட்டு வெட்டிவிட்டேன். மறுபடி துளிர்த்துவிடக் கூடாதென்று தூரையும் தோண்டி எடுத்தாயிற்று. உன் பெண்டாட்டி வடிவு என்னோடு மம்சாபுரத்தில் இருக்கிறாள். அவளாகப் போகிறேன் என்று சொல்லும்வரை இங்கேதான் இருப்பாள்.

சீட்டின் அடியில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஐப்பசிக்குள் நல்ல சேதி ஒன்றும் தெரியாவிட்டால் தேவதானத்தில் ஒரு பெண் இருக்கிறது, அத்தை பேசி வைத்திருக்கிறாள் என்று. அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மில்லில் ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி. பசியில் படித்தால் உனக்குக் கோபம்தான் வரும், புத்தி வராது. இன்னொன்று, இதைச் சட்டைப் பையில் ஒளித்துக் கொண்டுபோய்க் கொல்லையில் நின்று படிக்காதே. உன் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவளுக்கும் கேட்கும்படி உரக்கப் படி. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்தால் அவர்களும் கேட்கட்டும். தெருவுக்கே தெரியக் குடிக்க வைத்த மருந்தைப் பற்றி ரகசியமாகப் பேச என்ன இருக்கிறது?

அந்த மரத்தை உன் அப்பாவும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. மலைப்பக்கமிருந்து பறவை கொண்டுவந்து போட்ட விதையாக இருக்கும். நான் வாக்கப்பட்டு வந்தபோதே கிணற்று மேட்டில் நெடுநெடுவென்று நின்றது. பிள்ளை இல்லாத வீடுகளிலிருந்து பெண்கள் அதைத் தேடி வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டுகூட வருவார்கள். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் விடியற்காலம் வெறும் வயிற்றில் கொழுந்தை அரைத்துப் பிழிந்த சாற்றைக் குடிக்க வேண்டும். மாதாமாதம் குடித்தால் கர்ப்பப்பை சுத்தமாகும், பிறகு தங்கும் என்பது பேச்சு. யார் வந்து கேட்டாலும் பறித்துக்கொள்ளுங்கள் என்பேன். பிள்ளை பிறந்தவர்கள் திரும்பி வந்து மரத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போவார்கள். பிறக்காதவர்கள் எதற்குத் திரும்பி வருகிறார்கள்? மரத்தில் துணி கூடிக்கொண்டே போயிற்று, மரத்துக்குப் பெயரும் கூடிக்கொண்டே போயிற்று. துணி கட்ட வராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நானும் கேட்டதில்லை, இந்த ஊரும் கேட்டதில்லை.

அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து பச்சிலையையே பழிக்கிறாள் என்று நீ சொல்வாய். நான் பச்சிலைக்கு விரோதி இல்லை. நீ பால்குடி மறந்த வயதில் உனக்குச் சளி கட்டினபோது தூதுவளையும் கற்பூரவள்ளியும்தான் கை கொடுத்தன. காய்ச்சலுக்கு நிலவேம்பு காய்ச்சி, உன் இரண்டு கையையும் என் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். ஒருமுறை யாரோ சொன்னார்களென்று ஆடாதோடைச் சாற்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். நீ குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாய். அடுத்த வேளைக்கு அதை நான் தொடவில்லை. உன் அப்பா, "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், பாதியில விடாத" என்று சத்தம் போட்டார். "பிள்ளை ஒடம்பு வேண்டாங்குது, நீங்க என்ன வேணுங்கிய?" என்று கேட்டேன். அவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். நீ பிழைத்துக் கிடந்து இன்று மேஸ்திரி ஆகியிருக்கிறாய்.

இலைக்கு நல்லது செய்யத் தெரியும் என்று நம்புகிறவன், அதற்குக் கெட்டது செய்யவும் தெரியும் என்று நம்ப வேண்டாமா? வயிற்றுக்குள் போய்க் கர்ப்பப்பையையே திருத்தும் என்று சத்தியம் செய்கிறீர்கள். அதே வாயால், பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் எது உண்மை என்று ஒரு முடிவுக்கு வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டு வைத்தியர் இருக்கிறார். நாடி பிடித்துப் பார்க்காமல், என்ன சாப்பிட்டாய், எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்காமல் அவர் ஒரு சூரணம் மடித்துத் தரமாட்டார். நாம்தான் மரம் நம் தோட்டத்தில் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டோம்.

வடிவு உன் வீட்டுக்கு, அதாவது உன் அத்தை வீட்டுக்கு, வந்து மூன்று வருஷமாகிறது. மில்லில் சேர்ந்த நாளிலிருந்து நீ அத்தை வீட்டில் சாப்பிடுகிறாய். பிள்ளை இல்லாத விதவைக்குத் தம்பி மகன் நீதான் பிள்ளை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு முதல் வருஷம் முடிந்த உடனே சாறு தொடங்கியாயிற்று. இலையெல்லாம் நம் மரத்து இலைதான். உன் ஆள் மாதாமாதம் வந்து வாங்கிப் போவான். குடித்த நாளெல்லாம் அவளுக்குக் குமட்டல், தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு. மாதவிலக்கு முறை தப்பியது. ஒரு மாதம் முன்னே வரும், ஒரு மாதம் பின்னே வரும். தங்கவில்லை என்று தெரிந்ததும் சாறு கூடியது. முதலில் சங்களவு கொடுத்தது பிறகு கால் டம்ளர் ஆகி, அரை டம்ளர் ஆகி, கடைசியில் முழு டம்ளர் ஆயிற்று. சீனி கிடைக்காத இந்தச் சண்டைக் காலத்தில், தொண்டைக்குள் இறக்க ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்ததைத்தான் எல்லாரும் பெரிய கருணையாகப் பேசினார்கள்.

போன மாதம் அவளுக்குத் தள்ளிப்போயிருந்தது. முன்பும் இப்படித் தள்ளித் தள்ளி ஏமாற்றியது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காவிட்டாலும் எல்லாரும் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். பிறகு ஒரு நாள் விடியற்காலம் சேலையில் லேசாக உதிரம் பட்டது. போச்சு, இந்த மாதமும் போச்சு என்று வீடே சாய்ந்தது. உடனே அம்மியில் இலை. தூரமான முதல் நாள் என்று கணக்கு வைத்து டம்ளர் நிறைய. முறைப்படிதான் செய்தீர்கள், நாள் தவறாமல்தான் செய்தீர்கள். அது தூரந்தானா என்று மட்டும் யாரும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மூன்று நாளும் குடித்தாள். நிற்க முடியாமல் குழாயடியில் விழுந்தாள். "ஒடம்பு சரியில்லை, ரெண்டு நாள் அம்மாகிட்ட இருந்துட்டு வா" என்று நீ கரியில் ஓடுகிற அந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். துணைக்கு ஒரு ஆள் அனுப்பியிருக்கலாம். அவள் இங்கே வந்து இறங்கியபோது உதடு வெடித்து, கண் உள்ளே போய், சேலையெல்லாம் நனைந்து நின்றாள். பஸ்ஸில் ஒருத்தி தன் துப்பட்டியை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டிருக்கிறாள். யார் பெற்ற பெண்ணோ, அவள் நன்றாக இருக்கட்டும். வடிவுக்கு அப்பா அம்மா இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீடு இருக்கிறது, ஆனால் அங்கே போகாமல் மாமியார் வீட்டுக்கு வந்தாள் பார், அதற்காகவே நான் அவளுக்குக் கட்டுப்பட்டவள்.

அன்றைக்கே மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவளைப் படுக்க வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். கிறிஸ்தவப் பெண், நாசரேத் பக்கம். சின்ன வயசுதான், ஆனால் கண்ணில் தூக்கம் இல்லாத முகம். வடிவின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார்.

"மருந்து ஏதும் சாப்பிட்டியாம்மா?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டரம்மா" என்றாள் வடிவு.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு மருந்து என்றால் சீசாவில் வருவது, காகிதத்தில் மடித்துத் தருவது. இலையை எந்தப் பெண் மருந்துக் கணக்கில் சேர்ப்பாள்? நான்தான் குறுக்கே விழுந்து, "மலைவேம்புச் சாறு குடிச்சிருக்கா" என்றேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு?"

"ஒரு டம்ளர்."

"தண்ணி கலந்தா, கலக்காமலா? கொழுந்தா, முத்துன இலையா? காய் கீய் சேத்து அரைச்சாவளா?"

எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் வருஷக்கணக்காகப் போன ஒன்றைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. டாக்டர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்துத்தான் என்னை அழைத்தார்.

"இவ முழுகாம இருந்திருக்கா. ரெண்டு மாசத்துக்குக் கிட்ட இருக்கும். இப்ப இல்ல" என்றார்.

மகனே, இந்த வரியை இன்னொரு தரம் படி. உன் பெண்டாட்டி மலடி இல்லை. உன் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டுதான், பிள்ளை வரம் வேண்டி அந்தச் சாற்றைக் குடித்திருக்கிறாள்.

நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "இலைதான் கலைச்சிருச்சா? சொல்லுங்க, மறைக்காதீங்க."

"அத நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "ஒண்ணுமே குடிக்காத பிள்ளையளுக்கும் தொடக்கத்துல இப்படிக் கலையுறது உண்டு. லேசா பட்டுதே, அது அதோட ஆரம்பமாக்கூட இருந்திருக்கலாம். சில பேருக்குப் பட்டு நின்னுட்டு, பிள்ளை நல்லபடியா பெறக்கவும் செய்யும். ஆனா இந்த வாந்தியும் பேதியும் இலை செஞ்ச வேலை. ஒடம்புல தண்ணியே இல்லாம வந்து கெடக்கா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிள்ளைய விடுங்க, இவளையே பாத்திருக்க மாட்டிய. முழுகாம இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருந்தாலும் அந்தச் சாறு உள்ள போகப்படாது. சந்தேகம் இல்லாட்டியும் இந்த அளவுல போகப்படாது."

அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார் பார், அதனால்தான் அவர் தெரியும் என்று சொன்னதை நான் நம்பினேன். நம் மரத்தைப் பற்றி அத்தனை வருஷத்தில் யாராவது ஒருத்தராவது எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எல்லாம் கைகண்ட மருந்து, எல்லாம் சத்தியம், எல்லாம் அவள் மகளுக்குத் தங்கியது, இவள் நாத்தனாருக்குத் தங்கியது. வேலிக்கு ஓணான் சாட்சி.

வடிவை அங்கேயே வைத்து வைத்தியம் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கஞ்சியும் தண்ணீருமாகத் தேற்றி, அவள் எழுந்து நாலடி நடந்து படுக்கிற வேளையில் உன் அத்தை வந்து இறங்கினாள். உனக்குத் தெரியாததும் தெரிய வேண்டியதும் இதுதான். வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "வடிவைக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு வந்தேன். அப்படியே அடுத்த மாசத்துக்குக் கொழுந்தும் பறிச்சுக்கிடுதேன்" என்றாள். நான் அவளைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக, "கசடா இருக்கும்ட்டி. உள்ள கெடந்த கசடு போயிருக்கும்" என்றாள்.

"கசடு இல்ல மதினி. ஒங்க தம்பிக்குப் பேரன்" என்றேன்.

அதற்குமேல் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "பச்சிலை என்னட்டி செய்யும்? நான் குடிக்காததா? கல்யாணம் முடிஞ்ச வருசத்துலருந்து அவிய கண்ண மூடுற வரைக்கும் குடிச்சேன். என்னைய என்ன செஞ்சுபோட்டுது? கல்லு மாதிரி நிக்கேனே!"

"ஒண்ணுமே செய்யலயா?"

"ஒண்ணுமே செய்யல."

"அப்ப வாங்க. ரெண்டு பேருமே குடிப்போம். நமக்கு இனிமே கலையுறதுக்கும் ஒண்ணுமில்ல, தங்குறதுக்கும் ஒண்ணுமில்ல."

நான் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும். நானே கொழுந்து ஒடித்தேன், நானே அரைத்தேன், நானே பிழிந்தேன். அதே முழு டம்ளர். இதற்குள் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். உன் அத்தைக்குப் பின்வாங்க வழியில்லை. கருப்பட்டி கேட்டாள். வடிவுக்குக் கொடுத்த அதே துண்டளவு கொடுத்தேன். இரண்டு கிழவிகளும் எதிரெதிரே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தோம். செத்த நேரம் ஒன்றுமில்லை. உன் அத்தை பார்த்தாயா என்கிற மாதிரி முகவாயைத் தூக்கினாள். தூக்கின முகவாய் இறங்குவதற்குள் எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. நான் கிணற்றுக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். கொட்டித் தீர்த்தோம். தலை கிறுகிறுவென்று சுற்றி, கிணற்றுச் சுவர் என்னைத் தாண்டி எங்கேயோ போயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் எங்கள் இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். சிரிப்பும் வந்தது எனக்கு. ஐம்பது தாண்டியவளுக்கு வந்த வீம்பைப் பார் என்று என்னை நானே திட்டிக்கொண்டு சிரித்தேன். இந்தக் கூத்தை வேறு யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் அத்தை சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. மாசாமாசம் மூணு நாளும். கழிவு போகுதுன்னாவ. போகட்டும்னு நானும் கெடந்தேன். ஒருத்தரும் என்னட்டி செய்யுதுன்னு கேக்கல."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகிற்று. ஆனால் உள்ளே வடிவு சுருண்டு படுத்திருக்கிறாளே. விடமாட்டேன் என்று கேட்டேன். "இம்புட்டும் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு ஊத்திக் குடுத்திய? தூரமா இல்லையான்னு தெரியாத அன்னைக்கு, விடியுமுன்ன டம்ளர நீட்டுனிய?" உன் அத்தை வாயைத் திறந்தாள். வீட்டு வாசலைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதில் இருந்தால்தானே சொல்வாள்! மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இலையும் கேட்கவில்லை, வடிவையும் கேட்கவில்லை. உன்னிடம் எதையும் சொல்லவில்லை என்பது உன் சீட்டைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

அவள் போன அன்றே மரத்துக்கு ஆள் சொன்னேன். ஊரில் பாதிப் பேர் திரண்டுவிட்டார்கள். பிள்ளை வரம் தருகிற மரம், கோடாலி வைத்தால் குடும்பம் விளங்காது என்றார்கள். வெட்ட வந்தவர்களே தயங்கினார்கள். மஞ்சள் துணிகளை நானே ஏணி வைத்து ஏறி அவிழ்த்து, மடித்து, கூடையில் வைத்தேன். அவிழ்த்த பிறகு பார்த்தால் அது மரம், அவ்வளவுதான். "பாவம் வந்தா எனக்கு வரட்டும், நீ வெட்டுலே" என்றேன். மரத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது யாரையும் வந்து குடி என்று சொல்லவில்லை. ஆனால் அது அங்கே நிற்கிறவரைக்கும் யாராவது பையோடு வந்துகொண்டுதான் இருப்பார்கள், நானும் என்றைக்காவது ஒரு பெண்ணின் அழுகைக்கு இளகிப் பறித்துக்கொள் என்பேன். இப்போது தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு அது தேவையுமில்லை.

நீ இனி வாழப்போகிற காலத்துக்கு ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். வேரோ இலையோ சூரணமோ, யார் எதைக் கொண்டுவந்து இதைச் சாப்பிடு என்றாலும் முதலில் வாயைத் திறந்து கேட்கப் பழகு. இது என்ன செடி, எந்த அளவு, யாருக்கு ஆகாது என்று கேள். ஆகாதவர் ஒருத்தரும் இல்லை என்று பதில் வந்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்பு. டாக்டரிடம் போனால் வீட்டில் குடித்ததையெல்லாம் சொல்லு, வெட்கப்படாதே. உடம்பு வேண்டாம் என்று தள்ளினால் அதைக் கழிவு போகிறது என்று கொண்டாடாதே. உன் மில்லில் மெஷின் புகைந்தால் அழுக்கு போகிறது என்று பார்த்துக்கொண்டா நிற்பாய்? பட்டனை அமுக்கி நிறுத்தமாட்டாயா? பெண்டாட்டியின் உடம்புக்கு அந்த மரியாதை கூடக் கிடையாதா?

இனி தேவதானத்துக்கு வருகிறேன். நீ இன்னொருத்தியைக் கட்டினால் சட்டம் உன்னைத் தடுக்காது, ஊரும் தடுக்காது. நான் தடுப்பேன். அந்தப் பந்தலுக்கு நான் ஆசீர்வாதம் செய்ய வரமாட்டேன், ஆனால் வருவேன். வந்து, கூடியிருக்கிற சபையில், மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டிக்குப் பிள்ளை தங்கியது, அதை இந்த வீடு எப்படிப் போக்கியது என்று எழுந்து நின்று சொல்வேன். அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு அது தெரிய வேண்டும். நாளைக்கு அவள் கைக்கும் இதே டம்ளர்தானே வரும்? இந்த வீடும் நிலமும் என் பெயரில் இருக்கின்றன. அவற்றில் வடிவுக்கு இடமில்லை என்றால் உனக்கும் இடமில்லை. பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வடிவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய கடிதம், அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது. எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் உன் அத்தையைக் கேள்வி கேட்ட இடம் வந்ததும், "அத்தை, அத அப்படி எழுதாதீங்க" என்றாள். என்னை அத்தை என்றும் உன் அத்தையைப் பெரியம்மா என்றும்தான் அவள் கூப்பிடுவாள் அல்லவா?

"பெரியம்மா அன்னைக்குக் குடுக்கல. அவிய, நாலு சொட்டுதானட்டி பட்டிருக்கு, ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்னுதான் சொன்னாவ. எனக்கும் இந்த மாசம் என்னமோ வேற மாதிரி இருந்துச்சு. வேண்டாமேன்னு நானும் சொன்னேன்."

"பொறவு யாருட்டி குடுத்தா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஒங்க மகன்தான். அவியளே அரைச்சாவ. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிரு, எனக்கு மில்லுக்கு நேரமாச்சுன்னு கையில குடுத்துட்டு, நான் குடிச்சு முடிக்குற வரைக்கும் நின்னாவ."

உன் அத்தை கிணற்றடியில் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று இப்போது தெரிகிறது. உன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நான் ஊர்ப் பெண்கள் முன்னால் அவளைக் குற்றவாளியாக நிறுத்தினேன், அவள் நின்றாள். மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் நான் அடிக்கப் போவதில்லை. நீ அதை அவள் முன்னால் உட்கார்ந்து உன் வாயாலேயே படிக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் இருந்தால் இந்தக் கடைசிப் பகுதியையும் விடாமல் படி. மதினியிடம் நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவள் என்பதால் உனக்காகப் பரிந்து வடிவிடம் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. நீ பதில் எழுதினால் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். படித்துவிட்டு அவள் என்ன சொல்கிறாளோ, அதுதான் இந்த வீட்டின் முடிவு.

இப்படிக்கு,
வடிவுக்கு அம்மாவாகவும் ஆகிவிட்ட
உன் அம்மா